மேற்குச் சுவர்

முதல் செங்கல் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

உளியை வைத்துச் சுத்தியலால் தட்டினார். காரை உதிர்ந்தது. செங்கல் அசையவில்லை. பார்த்துப் பார்த்துக் கட்டிய சுவர். கட்டும்போது கொத்தனாரின் உயிரை எடுத்தவர் அவர்தான். இப்போது அனுபவிக்க வேண்டியதுதான்.

சுவரை ஒட்டிய கட்டிலில் மனைவி படுத்திருந்தாள். தூசி படாமலிருக்கப் போர்வையை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார். கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அந்தக் கண்கள் உளியையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஆடியில் விழுந்தவள். வலப்பக்கம் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது.

மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரார் வீட்டு மீட்டரெல்லாம் பேய்பிடித்த மாதிரி சுற்றுவதைப் பார்த்துப் பார்த்து, தன் வீட்டு மீட்டராவது தூங்கி வழியட்டும் என்று ஆசைப்பட்டார்.

கையிலிருந்ததற்குள் ஒரு சின்ன வீடு. ஒரே அறை, ஒரு சமையல்கட்டு. செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்து, நடுவில் காற்றுக்கு இடம் விட்டு எழுப்பிய சுவர். செங்கல்லும் மிச்சம், சூடும் இறங்காது. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு. சித்திரையிலும் ஃபேன் வேண்டியதில்லை.

ரோடு மேற்கே இருந்தது. வெயிலும் மேற்கே இருந்தது.

வீடு ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது.

கடைக்கால் தோண்டும்போதே அவள் கேட்டாள்.

"மேக்கால ஒரு சன்னல் வெச்சுக்கலாமுங்க. சின்னதாப் போதும்."

"எதுக்கு? வெயில வெத்தல பாக்கு வெச்சுக் கூப்படறதுக்கா?"

கொத்தனார் சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பாதி ஆயுசு நூல் மில்லில் வேலை பார்த்தவள். சாயங்காலமானால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய், வெயிலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். மில் பஸ் வந்து நிற்கும். இறங்குகிற பெண்கள் வேலியோரம் நின்று ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போவார்கள்.

"குளுகுளுன்னு வீடு கட்டிக் குடுத்தா, இவ வெயில்ல போயி உக்காந்துக்கறா."

வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். சொல்லிக்கொண்டே சுவரைத் தட்டிக் காட்டுவார், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் மகளை நிறுத்துகிற மாதிரி. ரோட்டுச் சத்தம்கூட உள்ளே வராது என்று அதில் ஒரு பெருமை வேறு.

அவள் விழுந்த பிறகு கட்டில் போட இந்தச் சுவரோரம்தான் இடம் இருந்தது.

தினமும் சாயங்காலம் ஆனதும், நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். ஒரே பக்கமாகப் படுக்கவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோளைப் பிடித்து மெல்லத் தன் பக்கம் திருப்பிவிடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திரும்பிவிடுவாள். அவர் மறுபடியும் திருப்புவார்.

நேற்றுத் திருப்பக் குனிந்தபோதுதான் பார்த்தார்.

அவள் சுவரில் காதை வைத்திருந்தாள்.

அவரும் வைத்துப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மணியைப் பார்த்தார். மில் பஸ் வரும் நேரம்.

இன்று சாப்பிட்டுக் கை கழுவியதும் உளியை எடுத்துவிட்டார்.

செங்கல் ஒரு வழியாக வந்தது. உள்ளே வெற்றிடம். கையை விட்டு வெளிப்பக்கச் செங்கல்லைச் சுற்றிலும் கொத்தினார். கடைசியில் அது தோட்டத்துப் பக்கம் விழுந்தது.

வெயில் நேராக வந்து அவள் முகத்தில் அடித்தது.

பதறிப்போய்த் தோளிலிருந்த துண்டை விரித்து மறைத்தார். பழக்கதோஷம்.

அவள் நல்ல கையால் துண்டைத் தள்ளினாள்.

ரோட்டில் பஸ் நின்று கிளம்பியது. செருப்புச் சத்தம் வேலியைத் தாண்டி வந்தது. தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்த ஒரு முகம் துளைக்கு நேராகக் குனிந்தது. அவளோடு ஒரே ஷிப்டில் நின்ற செல்லம்.

"ஏனுங்ணா, நல்ல செவுத்தப் போயி எதுக்கு இடிக்கறீங்க? அக்கா இந்தப் பக்கந்தான் படுத்திருக்குதுங்களா? தூங்கறா, அப்பறம் வாங்கன்னு அன்னைக்கு நீங்க சொன்னதுல இருந்து உள்ள வாரதில்லீங். ரோட்டுல நின்னு தினமும் ஒரு கொரல் குடுத்துட்டுத்தான் போறோம். அக்காவுக்கு எங்க கேட்டிருக்கப் போவுது."

கேட்டது என்று சொல்ல வாயெடுத்தார்.

எத்தனை சாயங்காலம் அவளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பியிருக்கிறோம் என்று நினைத்தார். அவமானமாக இருந்தது.

"அக்கோவ்! மயிலக்கோவ்!"

அவள் கையைத் துளைக்குள் விட்டாள். வளையல்கள் செங்கல்லில் உரசிக்கொண்டு போயின. முழங்கைவரை உள்ளே போய்விட்டது. வெளியே யாரோ அதைப் பிடித்துக்கொண்டார்கள். நாலைந்து பேர் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருத்தி அழுதாள், இன்னொருத்தி அழுதவளைத் திட்டினாள்.

கை அடைத்துக்கொண்டதில் வெயில் உள்ளே வரவில்லை.

அவர் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தார்.

அறை ஜில்லென்று இருந்தது.