பதினேழாவது கிணறு

“செத்தவையின்ரை பேரைச் சொல்லுங்கோ ஏரம்பர். பேர் இல்லாமல் வெடிமருந்துக்கு நான் கையெழுத்துப் போடேலாது.”

அரசாங்கக் கச்சேரியிலிருந்து சைக்கிளில் வந்த சண்முகநாதன் கிளாக்கர், கோப்பாய்த் தோட்டத்தில் தோண்டிப் போட்ட கல்லுக் குவியலின் மேல் உட்கார்ந்து, விண்ணப்பத்தை மடியில் விரித்து வைத்திருந்தார். எதிரே ஏரம்பு அலவாங்கை ஊன்றிக்கொண்டு நின்றார்.

ஏரம்பு பட்டாளத்தார் சங்கத்தின் தலைவர். தலைவர் என்றதும் மாலை, மேடை என்று நினைத்துவிட வேண்டாம். சங்கத்தின் சொத்தே பாறை பெயர்க்கிற நாலு அலவாங்கும் ஒரு வடக்கயிறும்தான். மலாயாவில் ரயில் பாதைக்குப் பாறை உடைக்கப் போன ஆறு பேர், போன மகாயுத்தத்தில் வெடி வைக்கிற பட்டாளத்தில் சேர்ந்து அரபு நாட்டுப் பஸ்ராவுக்குப் போனார்கள். நாலு பேர்தான் ஊருக்குத் திரும்பினார்கள். அந்த நாலு பேரும் தொடங்கிய சங்கம். இந்த 1940 மாசியில் மிச்சம் இரண்டே பேர். மற்றவர் நமசிவாயம். வெடிச் சத்தத்தில் காது போன மனுஷன். கச்சேரி வந்தால் என்ன, கவர்னர் வந்தால் என்ன என்று அவர் பாட்டுக்குப் பள்ளத்துக்குள் நின்று கல்லை இடித்துக்கொண்டிருந்தார்.

வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளிவிட்டதென்று அண்ணனும் தம்பியும் கோடு ஏறி வழக்காடுகிற ஊர் இது. இந்த ஊரில்தான் இவர்கள் இருபது வருஷமாய், கிணறு இல்லாத குடும்பங்களாகப் பார்த்து, சுண்ணாம்புப் பாறையை வெடி வைத்துப் பிளந்து பதினாறு கிணறு வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு சதம் வாங்கவில்லை. தண்ணீர் இறைக்கிற ஒவ்வொரு துலாக்காலின் அடியிலும் ஒரு கல் நட்டார்கள். கல்லில் பேர் கிடையாது, இலக்கம் மட்டும். விண்ணப்பத்தில் எப்போதும் ஒரே வரிதான்: ‘யுத்தத்தில் இறந்தவர் நினைவுக் கிணறு.’

கச்சேரியும் இத்தனை காலம் கேள்வி கேட்காமல் அனுமதி கொடுத்தது. இப்போது மறுபடி யுத்தம் வந்துவிட்டது. வெடிமருந்து என்றாலே ஆயிரம் கேள்வி.

இந்தப் பதினேழாவது கிணறு பூரணத்துக்கு. புருஷன் போன பிறகு தனியாளாய் ஆயிரம் பொயிலைக் கன்று வைத்திருக்கிறாள் பாவி. பக்கத்துக் கிணற்றில் எல்லாரும் இறைத்து முடித்த பிறகு, உச்சி வெயிலில்தான் அவளுக்கு முறை. அவள் காணியில் தோண்டிய பள்ளமோ கடும் பாறையில் முட்டி நிற்கிறது. வெடி வைக்காவிட்டால் பங்குனி வெயிலுக்குத் தோட்டமும் இல்லை, அவளுக்குச் சோறும் இல்லை.

“ஆறு பேர் போய் நாலு பேர் வந்தியள். செத்தது ரெண்டு பேர். கிணறு பதினாறு. எனக்குக் கணக்கு விளங்கேல்லை” என்றார் கிளாக்கர்.

அந்த நேரம் பூரணம் செம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். கொடுப்பதற்கு முன் ஒரு வாய்த் தண்ணீரை நிலத்தில் ஊற்றினாள். தண்ணீர் இல்லாத காணியில் இது என்ன வீண் செலவு என்று கிளாக்கர் கேட்டுவிட்டார்.

அது சங்கத்தின் கட்டளை என்றாள் பூரணம். பட்டாளத்தார் வெட்டின கிணற்றில் விடிய இறைக்கிற முதல் பட்டைத் தண்ணீர் பயிருக்கு இல்லை, அந்தக் கல்லுக்குத்தான். செத்தவர்கள் குடிக்க வேண்டுமாம். இதைத் தவிர ஏரம்பு அண்ணை யாரிடமும் ஒன்றும் கேட்டதில்லையாம். “எங்கடை பொடியள், ஐயா. கண்காணாத தேசத்திலை நா வறண்டு செத்ததுகள். என்ரை கிணத்திலையும் ஊத்தோணும். அதுதான் இப்பவே பழகிறன்.”

கிளாக்கர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். சின்ன வயதில் இந்த வழியால் பள்ளிக்கூடம் போனவர் அவர். அப்போது இங்கே செம்மண் புழுதியும் நாகதாளியும்தான். இப்போது கண்ணுக்கு எட்டின மட்டும் துலாக்கள் எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு துலாவைச் சுற்றியும் வெங்காயமும் பொயிலையும் பச்சைப்பசேலென்று நின்றன. நாலு அலவாங்கை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்தவர்களிடம் வந்தா கணக்குக் கேட்டேன் என்று தன்மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

ஆனாலும் பேர் எழுதுகிற இடம் வெறுமையாய்க் கிடந்தால் மேலே இருக்கிற துரை விடமாட்டார்.

“அண்ணை, ஏதேன் பேரைச் சொல்லுங்கோவன். ஆர் போய் விசாரிக்கப் போகினம்?” என்று பூரணம் கெஞ்சினாள்.

கிளாக்கரும் பேனையைத் திறந்தார். தானும் விசாரிக்க மாட்டேன் என்பதுபோல முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஏரம்பு பள்ளத்தை எட்டிப் பார்த்தார். நமசிவாயத்தின் அலவாங்கு விடாமல் இடித்துக்கொண்டிருந்தது.

“பொய் சொல்லி இந்தக் கிணத்தை வெட்டேலாது ஐயா. எங்கடை பொடியள் எண்டது சனம் சொல்லுற கதை. நான் ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை.”

“அப்ப ஆர் அவை?”

“பேர் தெரியாது. பஸ்ராப் பக்கம் நாங்கள் நாலு பேரும் வைச்ச சுரங்க வெடியிலை செத்த, எதிரிப் பட்டாளத்துத் துருக்கிக்காரர். விடிஞ்சாப்போலை போய் எண்ணினம், பதினேழு பேர். பதினேழாவது ஆளுக்கு அப்பவும் உயிர் இருந்தது. கையைக் குவிச்சுக் காட்டித் தண்ணி கேட்டவன் ஐயா, குடுக்க எங்களிட்டை ஒரு சொட்டு இல்லை.”

கிளாக்கர் பேர் எழுதும் இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். பூரணம் செம்பைத் திரும்ப வாங்கி, பள்ளத்தோரம் இன்னும் இலக்கம் வெட்டாமல் கிடந்த நினைவுக் கல்லின் மேல் மிச்சத் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள்.