சிவப்பா, நீலமா

"ஒரு படத்துக்குச் செஞ்சு காட்டினா போதும் இபு. மிச்ச நூத்தி எண்பதையும் அதுவே பார்த்துக்கும்!"

பிரசோஜோ கம்ப்யூட்டர் திரையைத் தன் தாய் பக்கம் திருப்பினான். புது மென்பொருள் ஒருவழியாக ஏறி முடித்திருந்தது.

"மூணு நாளா அதை ஏத்திக்கிட்டே இருக்கே. அந்த நேரத்துல நூத்தி எண்பதையும் கையாலயே முடிச்சிருக்கலாம்" என்றாள் இபு கார்த்தினா. அந்த ஊர்ப் பேச்சில் 'இபு' என்றால் அம்மா.

இந்தோனேசியாவின் மகெலாங் ஊர்க் கடைத்தெருவில் அந்தப் போட்டோ கடை அவள் மாமனார் காலத்தது. பிரிண்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்து விழும் படங்களை வெட்டி உறையில் போடுவது அவள் வேலை. அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுத்தர மாட்டாள்.

"இங்க பாருங்க. முகத்தை நடுவுல வைக்கும், மூணுக்கு நாலா வெட்டும், பின்னணி நிறத்தைப் போடும். பட்டியல்ல பொறந்த வருஷம் இருக்கில்ல? ஒத்தைப்படைன்னா சிவப்பு, ரெட்டைப்படைன்னா நீலம், அதே அரசாங்க விதிதான். நான் யோசிக்கவே வேண்டாம்."

"யோசிக்காம இருக்கறதுக்கு உனக்கு மெஷின் வேற வேணுமா?"

தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த விதார்த்தி, பிறந்த வருஷத்தைப் பற்றிக் கணவன் சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள்.

அந்த நூற்றி எண்பது பேரும் அவள் வேலை பார்க்கும் பீங்கான் ஆலையின் ஆட்கள். அடையாள அட்டைக்கான பட்டியல் ஆலை ஆபீசிலிருந்து வந்திருந்தது. அதில் அவள் பெயரும் உண்டு. பிறந்த வருஷமும் உண்டு, நிஜமான வருஷம்!

ஆறு வருஷத்துக்கு முன்னால் பெண் பார்க்க வந்தபோது இபு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பையனைவிடச் சின்னவதானே?"

பிரசோஜோவைவிட ஒரு வயது மூத்த விதார்த்தி, பயத்தில் மூன்று வருஷத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டாள். பிறந்த வருஷம் எண்பத்தேழு, தொண்ணூறாகிவிட்டது. பிரசோஜோவுக்கு விஷயம் தெரியும். இபு கண்ணில் படுவதற்கு ஒரு நீலப் படம், ஆபீசுக்குக் கொடுப்பதற்கு ஒரு சிவப்புப் படம் என்று இத்தனை நாளும் கையாலேயே செய்து சமாளித்து வந்தான்.

தாயில்லாமல் வளர்ந்தவள் விதார்த்தி. கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்குத் தலை வாரிவிட்டதும், காய்ச்சலில் கஞ்சி ஊட்டியதும், நாளுக்கு நாலு முறை திட்டியதும் இந்த இபுதான். அந்த வாயிலிருந்து 'பொய்க்காரி' என்று கேட்க அவளுக்குத் தெம்பு கிடையாது.

"மாஸ், ஒரு நிமிஷம்..." என்று கணவனை அவள் கூப்பிடுவதற்குள் அவன் பொத்தானைத் தட்டிவிட்டான். திரையில் முகங்கள் பறந்தன. பிரிண்டர் கரகரவென்று துப்ப ஆரம்பித்தது.

"பார்த்தியா வேகத்தை!"

அவள் அவன் காதருகே குனிந்தாள். "பட்டியல்ல நானும் இருக்கேன், மாஸ்."

"இருந்துட்டுப் போயேன்."

"என் வருஷமும் இருக்கு."

பிரசோஜோவின் சிரிப்பு பாதியில் நின்றது. அங்கே தட்டினான், இங்கே தட்டினான். "மொத்தமும் ஒரே கட்டா அச்சுக்குப் போயிடுச்சு. நடுவுல ஒண்ணை மட்டும் உருவறது எப்படின்னு நான் இன்னும் படிக்கலையே!"

"அப்ப பிரிண்டரை நிறுத்துங்க!"

அவன் எழுந்து போய் பிரிண்டர் மேல் கை வைத்தான். இபு அந்தக் கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"நல்லா ஓடறதை எதுக்குடா நோண்டறே?"

படங்கள் பெயர் வரிசைப்படி, ஆளுக்கு ஒரு தாளில் எட்டெட்டாக வந்தன. விதார்த்தியின் பெயர் கடைசிப் பத்துக்குள் இருந்தது.

"இபு, நீங்க போய்ப் படுங்க. நான் வெட்டறேன்."

"நீ வெட்டினா பாதிப் பேருக்குக் காது இருக்காது."

"தெம்பே பொரிச்சு வெச்சிருக்கேன், ஆறிடும்."

"இங்க கொண்டா."

"பக்கத்து வீட்டு அம்மா உங்களைத் தேடினாங்க."

"அவளுக்குக் கால் இருக்கில்ல? வரட்டும்."

பொரித்த சோயாத் துண்டுகளாகத் தெம்பே வந்தது. இபு இடது கையால் அதைத் தின்றுகொண்டே வலது கையால் வெட்டினாள். நூற்றி அறுபது. நூற்றி எழுபது. பிரசோஜோ திரைக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டான்.

அடுத்த தாளை எடுத்த இபு வெட்டவில்லை. தூரமாகப் பிடித்துப் பார்த்தாள். கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். அதில் எட்டு விதார்த்திகள், எட்டும் செக்கச்செவேலென்ற பின்னணியில்.

"இபு, மெஷின் புதுசு இல்லையா, அதான் தப்பா..." என்று ஆரம்பித்தான் பிரசோஜோ.

"நீ சும்மா இரு. ஏய், இங்க வா. நிஜமா எந்த வருஷம்?"

விதார்த்திக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "எண்பத்தேழு, இபு."

"என்கிட்ட என்ன சொன்னே?"

"தொண்ணூறு."

"மூணு வருஷத்தையா குறைச்சே?"

"மன்னிச்சிடுங்க இபு. மூத்தவன்னு தெரிஞ்சா வேண்டாம்னு சொல்லிடுவீங்களோன்னு..." அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

இபு தாளைக் கீழே வைத்தாள். எட்டுப் படத்தையும் ஒரு நூல் பிசகாமல் வெட்டினாள். உறையில் போட்டாள். பிறகு மருமகளின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"அழாதே, மூக்கு ஒழுகுது. போட்டோக்காரன் வீட்டுக்கு வாழ வர்றவ, குறைக்கறதை ரெட்டைப்படையாக் குறைக்க வேணாமா? என் மாமியார் இதே கேள்வியை என்கிட்ட கேட்டப்ப நான் நாலு குறைச்சேன். இன்னிவரைக்கும் ஒரு படத்துலயாவது எனக்கு நிறம் மாறியிருக்கா பாரு!"