எண்ணெக்கு எண்ணெ

சித்தேரி மலைப்பாதையில் ஒரு டீக்கடைக்கு எதிரே பெட்ரோல் தீர்ந்து பைக் இருமிவிட்டு நிற்கிறது. காஜா அசரவில்லை. மூன்று நாள் பயணத்துக்கென்று பின்னால் கட்டிவந்த கேனைத் தெம்பாக அவிழ்த்து மூடியைத் திருகுகிறார். குப்பென்று கடலை வாசம். வெயிலில் மஞ்சளாய்ப் பளபளக்கிறது எண்ணெய். “என்ன ஷகிலா இது?” என்கிறார் மனைவியிடம். “நீங்கதான எண்ணெ ரெண்டு லிட்டரு ஊத்தி வெக்கச் சொன்னீங்க? வழியில சமைக்கத்தான்னு நெனச்சேன்.” லாரிப்பட்டறையிலேயே தலை நரைத்தவர், அவர் வாயில் டீசலும் எண்ணெய்தான், பெட்ரோலும் எண்ணெய்தான். வாசம் பிடித்துக்கொண்டு சாலையைத் தாண்டி வருகிறாள் கடைக்காரி தீர்த்தம்மாள், விரலெல்லாம் வடைமாவு. “மாவ ஆட்டி வெச்சுட்டு எண்ணெ இல்லாம குந்தியிருக்கேனுங்க. எண்ணெ வர்ற பஸ்ஸு இன்னும் வரல.” கேனை வாங்கிப்போனவள், கடையில் விற்கத் தண்ணீர் பாட்டில்களில் வைத்திருந்த பெட்ரோலில் இரண்டு லிட்டரோடு திரும்புகிறாள். “எண்ணெக்கு எண்ணெ சரியாப் போச்சுங்க.” டேங்கில் பெட்ரோல் களகளவென்று இறங்குகிறது, எதிரே சட்டியில் முதல் வடை சொய்யென்று பொங்குகிறது. சூடு பொறுக்காமல் வடையைக் கைக்குக் கை மாற்றி ஊதுகிறாள் ஷகிலா. “அடுத்த தடவயும் எண்ணென்னே சொல்லுங்க.”