மேற்கு ஓரத்தில் யாரோ

"அண்ணி, எவனோ வயலுக்குள்ள வந்து போயிருக்கான்!"

நாத்தனார் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னதும், அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு விரைந்தாள்.

மேற்கு ஓரத்தில், சூரியகாந்திச் செடிகளுக்கு நடுவே, ஈர மண்ணில் பெரிய பெரிய காலடிகள்.

"பூ ஏதாவது வெட்டியிருக்கா?"

"ஒண்ணும் குறையல. விதை இன்னும் முத்தலையே. இப்ப நோட்டம் பார்த்துட்டுப் போயிருப்பான்."

அவள் குனிந்து, காலடிகள் எந்தப் பக்கம் போகின்றன என்று பார்த்தாள்.

கணவன் பைக்கிலிருந்து விழுந்து, கால் முறிந்து கட்டிலோடு கிடந்தான். அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாளிலெல்லாம் வயலைப் பார்க்க நாதியில்லை. 'பயிரை விட்டுத் தொலை, உன்னால ஆகாது' என்று சொல்லாத ஆளில்லை.

"ஆகுதா இல்லையான்னு நான் பார்த்துக்கறேன்" என்று வயலில் இறங்கிவிட்டாள் அவள். தையல் மெஷினுக்கு உறையைப் போட்டுவிட்டு நாத்தனாரும் துணைக்கு வந்தாள்.

எண்ணெய் மில்காரர் வேறு போனில் ஆசை காட்டியிருந்தார். "மத்த இடத்துல எல்லாம் மழையில பயிர் போச்சும்மா. இந்தத் தடவை நல்ல விலை நிக்கும். ஆனா புழு அரிச்ச விதையைக் கொண்டுவந்து என் தலையில கட்டக் கூடாது."

அங்கேதான் சிக்கல். பூவில் பச்சைப் புழு இறங்கியிருந்தது. பயிரைப் பார்த்துவிட்டுப் போன வேளாண்மை அதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார்.

"பூத்திருக்கிறப்போ மருந்தடிச்சா தேனீ செத்துடும். தேனீ வராட்டி விதை பிடிக்காது. தினமும் ஒவ்வொரு பூவா பாருங்க. புழுவைக் கையாலயே எடுத்துப் போடுங்க."

கிழக்கிலிருந்து ஆரம்பித்து, இரண்டு பேருமாக வரிசை வரிசையாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். மேற்கு ஓரம்தான் பாக்கி. அங்கே போய் இந்தக் காலடி.

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்று பல்லைக் கடித்தாள் அவள். "பட்டாசுதான்!"

மேற்கு ஓரத்து மண் கரைக்கு அந்தப் பக்கத்து நிலத்துக்காரர். வாயைத் திறந்தாலே வெடிதான், அதனால் அந்தப் பெயர். தண்ணீர் பாய்ச்சுவதில் தகராறு முற்றி, அவள் கணவனோடு கைகலப்பு வரை போய், இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. நடுவில் இருக்கும் அந்த உயரக் கரைமீது இவர்கள் வீட்டில் யாரும் காலே வைப்பதில்லை.

மறுநாள் பொழுது விடியும்போதே இருவரும் செடிகளுக்குள் பதுங்கினார்கள்.

சரசரவென்று சத்தம். பட்டாசேதான். கையில் ஒரு தகர டப்பா.

"நில்லுங்க!" என்று பாய்ந்து வழிமறித்தாள். "என் வீட்டுக்காரர் படுத்துட்டார், இனிமே கேட்க ஆளில்லைன்னு நினைச்சீங்களா? டப்பாவைக் காட்டுங்க!"

அவர் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவளே வெடுக்கென்று பிடுங்கிப் பார்த்தாள்.

சோப்புத் தண்ணீர். அதில் செத்து மிதந்தன பச்சைப் புழுக்கள்.

பக்கத்திலிருந்த பூக்களைச் சட்சட்டென்று வளைத்துப் பார்த்தாள். ஒன்றில்கூடப் புழு இல்லை.

"எதுக்கு... எதுக்கு இது?" அவள் குரல் இறங்கிவிட்டது.

பட்டாசு வெடித்தார். "உனக்காகவா செய்யறேன்? நெனப்புதான்! உன் வயல்ல புழு மண்டிக் கிடக்கு. அது கரை தாண்டி வந்து என் பயிர்ல ஏறினா, நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உட்காரவா? என் பொழப்பை நான் பார்க்கறேன். போம்மா!"

டப்பாவைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு, விடுவிடுவென்று கரையேறி மறைந்தார்.

"அதானே பார்த்தேன்!" என்று உதட்டைப் பிதுக்கினாள் நாத்தனார். "இந்த மனுஷனாவது அடுத்தவங்களுக்கு நல்லது பண்றதாவது! எல்லாம் சுயநலம் அண்ணி."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது. ஆனாலும் ஒருத்தரைத் திருடன் என்று நினைத்துவிட்டது உறுத்தியது. அவளால் இன்னொருத்தர் பயிர் கெட்டது என்ற பேச்சும் வரக் கூடாது.

"வா, அவர் பக்கம் எவ்வளவு புழு ஏறியிருக்குன்னு பார்த்துடுவோம். நம்மால போனதை நாமளே பொறுக்கிக் கொடுத்துடலாம்."

"அவர் வயல்லயா? நம்ம வேலையே மலையா கிடக்கு!"

"கிடக்கட்டும். அதையும் முடிப்போம், இதையும் முடிப்போம். ஏறு."

புல்லைப் பிடித்துக்கொண்டு ஏறி, கரை உச்சியிலிருந்து இருவரும் அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

அறுவடை எப்போதோ முடிந்து, உழுது புரட்டிப் போட்டு, அவர் நிலம் முழுக்க வெறும் மண்ணாகக் காய்ந்து கிடந்தது.

நாத்தனார் அவள் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அண்ணி... புழு இங்க வந்து எதைத் தின்னும்?"