எட்டாவது பாட்டு

“சாகப்போறவன் போடுற பாட்டா இது? அத மட்டும் சொல்லு.”

ரத்தினவேல் கைப்பேசியை மேசைமேல் வைத்து அர்விந்தின் பக்கம் தள்ளினார்.

அவருடைய மகன் அஷ்வத் போட்ட ஏழு பாட்டுகள் அதில் இருந்தன. பாட்டு என்றால் வாய்ப்பாட்டு இல்லை. முப்பது நாற்பது வருஷத்துக்கு முந்தைய மெஷின் சத்தங்களைத் தேடிப்பிடித்துப் பின்னியது. அந்தக் காலத்து தூர்தர்ஷனில் செய்திக்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. அடியில் ஒரே தாளம், குளிரில் தந்தியடிக்கும் பல் போல, விடவே விடாது.

ஏழும் சேர்ந்து ஒரே கதையாம். பெயர் ‘சூரஜ் பந்த்’, சூரியன் மூடிவிட்டது என்று அர்த்தமாம். டெல்லியைப் புகை மூடி, வருஷக்கணக்காகச் சூரியனே வருவதில்லை. ஆளில்லாத ஊரில் ஒருத்தன் தன்னந்தனியாக பஸ் ஓட்டிக்கொண்டே இருக்கிறான். ஏழாவது பாட்டில் பஸ்ஸும் நின்றுவிடுகிறது.

ஜனவரி தொடக்கத்தில் அஷ்வத் அதை நெட்டில் ஏற்றினான். அந்த மாசமே, விடிந்தும் விடியாத பனிமூட்டத்தில், விளக்கில்லாமல் நின்ற ஒரு லாரியின் பின்னால் அவன் பைக் மோதியது.

விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. ரத்தினவேல் நம்பவில்லை. அவர் யாரைத்தான் நம்பினார்? தராசை நம்பமாட்டார், டாக்டரை நம்பமாட்டார். அரசாங்க ஆபீஸில் பைல் தூக்கியே ரிட்டயர் ஆனவர். படிப்பு அவ்வளவு வராது. ஒரு காகிதத்தை ஒருத்தன் படித்துச் சொன்னால், இன்னொருத்தனிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

லாரி நின்ற இடத்துக்கு அவரே போய்ப் பார்த்தார். ரோடு ரோடாகத்தான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி பாட்டுகளைக் கேட்டுவிட்டு, “ரொம்ப டார்க்கா இருக்கே சித்தப்பா” என்றாள். சொன்னவள் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாள்.

அன்றிலிருந்து அவர் மனைவி ஜெயலட்சுமிக்கு வேறு பேச்சே இல்லை. காபி டம்ளரை நீட்டும்போதும் அதுதான்.

“தெரியாம மோதுனானா, தெரிஞ்சே மோதுனானாங்க?”

அதனால்தான், மகனோடு சேர்ந்து மியூசிக் பண்ணிக்கொண்டிருந்த இந்தக் கரோல் பாக் பையனை துவாரகாவிலிருந்த தன் வீடு வரைக்கும் வரவழைத்திருந்தார்.

அர்விந்த் டெல்லியிலேயே பிறந்தவன். தமிழைத் தேடித் தேடிப் பேசினான்.

“அப்படி இல்ல அங்கிள். டார்க்னா அது ஒரு ஸ்டைல். ஹாரர் படம் எடுக்குறவன் பேய் இல்லையே. அஷ்வத் ஹேப்பியாத்தான் இருந்தான். பக்கா.”

“ஸ்டைலு! சரி, பஸ் நின்னு போச்சு. அதுக்கப்புறம் அவன் என்னா ஆனான்?”

அர்விந்த் தண்ணீரைக் குடித்தான். சமையலறை வாசலில் ஜெயலட்சுமி வந்து நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

“இன்னொரு பாட்டு இருக்கு அங்கிள். லாஸ்ட் டிராக். அத அவன் அப்லோட் பண்ணல. அதுக்குள்ள...”

“இத்தன நாளா எங்க இருந்துச்சு? இப்பத்தான் மொளச்சுதா?”

“என் லேப்டாப்ல. முன்னாடியே கொண்டு வந்திருக்கணும். ஸாரி அங்கிள்.”

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துப் பாட்டைப் போட்டான்.

அதே பழைய மெஷின் சத்தம். அதே பல் நடுக்கம். ஆனால் போகப் போகத் தாளம் தளர்ந்தது. பின்னாலிருந்து மெல்லியதாக ஒரு இழை கிளம்பி, படிப்படியாக மேலே ஏறத் தொடங்கியது.

“இங்க அவன் பஸ்ஸ விட்டு எறங்குறான்,” என்றான் அர்விந்த் மெதுவாக. “யமுனா பாலத்துல நடந்து போறான். புகை கொறையுது ஆன்ட்டி. இதோ, சூரியன் வருது.”

ஜெயலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாளாக வராத அழுகை.

ரத்தினவேல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அஷ்வத்திடம் இருந்தது ஒரே ஒரு பழைய கீபோர்டு. நடுவில் ஒரு கட்டை செத்துப்போயிருந்தது. அழுத்தினால் டொக்கென்று பிளாஸ்டிக் சத்தம்தான் வரும். அடுத்த அறையிலிருந்து இவர் கத்துவார், அந்த எழவ மாத்தித் தொலையேன்டா என்று. அவன் சிரிப்பான். அது இல்லாமயே போட்டுக்குறேன்பா என்பான்.

அப்படித்தான் போட்டான். ஏழு பாட்டிலும் மேலே ஏறிப்போகிற இழை அந்த இடம் வந்ததும் ஒரு குழியைத் தாண்டுவது போலத் தாண்டிப் போகும். ரத்தினவேலுக்கு ராகம் தெரியாது, மெட்டு தெரியாது. அந்தக் குழி மட்டும் தெரியும்.

இந்தப் பாட்டில் குழி இல்லை. செத்த கட்டையின் ஸ்வரம் முழுசாக ஒலித்தது. ஒலித்து, அதன்மேலேயே வெகுநேரம் நின்றது.

அவர் நிமிர்ந்து அர்விந்தைப் பார்த்தார். அவன் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காது மடல் சிவந்திருந்தது.

பாட்டு முடிந்தது. ஜெயலட்சுமி பையனிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாரையும் நம்பாத மனுஷனிடம்தான் கேட்டாள்.

“நெசமாவே இது நம்ம புள்ள போட்டதுதானாங்க?”

“அவனேதான்,” என்றார் ரத்தினவேல். “எனக்குத் தெரியாதா அவன் கை?”