எலுமிச்சம்பழ அளவு சீஸ்

"இன்னிக்கு இந்தச் சிவலை மாட்டைத் தரகர் கையில புடிச்சுக் கொடுத்துட்டுத்தான் மறுவேலை!"

துணி முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பழனிவேல் கத்தினான். உள்ளே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சீஸ். ஆறாவது தடவையும் அதே எலுமிச்சம்பழம்தான்.

"மாடு என்னங்க பண்ணும்?" என்றாள் அவன் மனைவி பஞ்சவர்ணம். "நல்ல பாலை வேணும்னே திரியவிட்டா வூட்டுல லச்சுமி தங்குவாளா?"

உலகச் சண்டை முடிந்து பட்டாளத்திலிருந்து மீன்சுருட்டிக்குத் திரும்பியதிலிருந்தே அவனுக்கு இந்தப் பைத்தியம். இத்தாலியில் ஒரு மழைநாளில், கூட வந்தவர்களைத் தவறவிட்டு, பசி காதை அடைக்க நின்றவனை, ஒரு குடியானவப் பெண் கையைப் பிடித்து இழுத்துப்போய் அடுப்போரம் உட்காரவைத்து ரொட்டியும் சீஸும் கொடுத்தாளாம். செய்முறையையும் சைகையிலேயே சொல்லிக் கொடுத்தாளாம். ஊரில் இந்தக் கதை கேட்காத காது கிடையாது. பஞ்சவர்ணம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள்.

திருச்சி துரைமார் பங்களாக்களுக்குச் சீஸ் விற்றுப் பெரிய ஆளாகிவிடுவதாகத் திட்டம். "இனிமே இங்க தயிரும் கெடையாது, மோரும் கெடையாது. கறக்குற ரெண்டு படியும் சீஸுக்குத்தான்" என்று உத்தரவு போட்டிருந்தான்.

ஆட்டுக்குட்டி இரைப்பையை ஊறவைத்த தண்ணீரை விட்டுப் பாலை உறையவைத்தான். துணியில் கட்டிக் குழவிக்கல்லை ஏற்றினான். ஒன்றிலும் குறையில்லை. ஆனால் மாம்பழ அளவு வரவேண்டியது வரவில்லை. பழி சிவலை தலையில் விழுந்தது.

தரகர் கருப்பண்ணன் வந்தார். ஒரு சொட்டுப் பாலைப் பீய்ச்சிக் கட்டைவிரல் நகத்தில் விட்டுச் சாய்த்துப் பார்த்தார். சொட்டு அசையவில்லை.

"இந்தப் பால்லயா சத்தில்லைங்கிறீங்க? இதை வித்தா ஆயுசுக்கும் அழுவீங்க, தம்பி."

பழனிவேல் அடுப்படிக்கு ஓடினான். சீஸுக்கென்று பஞ்சவர்ணம் கறந்து வைத்திருந்த பாலில் ஒரு சொட்டைத் தன் நகத்தில் விட்டான். அது முழங்கை வரை ஓடியது.

"அடிப்பாவி! தண்ணி!"

அவள் வாய் திறப்பதற்குள் கொல்லைப் பக்கம் குரல் கேட்டது.

"அம்மா, மோரு..."

களையெடுக்கப் போகும் வீராயி. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். பழனிவேலைப் பார்த்ததும் நாலு கலயமும் முந்தானைக்குள் போயின.

அவனுக்கு விளங்கிவிட்டது. பஞ்சவர்ணத்தின் கண் போன பக்கம், நெற்குதிருக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். பானை நிறைய மோர்.

"பாதிப் பாலை எடுத்துட்டுத் தண்ணி ஊத்தினியா? ஆறு தடவையும் என்னைக் கோமாளியாக்கிட்டியேடி!"

"வேலைக்குப் போறவங்க கலயத்தைப் பாத்துட்டு மோரு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரலைங்க."

"கேட்டவங்களுக்கெல்லாம் சும்மா தூக்கிக் கொடுத்தா நாம எப்புடி உருப்படுறது?"

பஞ்சவர்ணம் பானையை முன்னால் இழுத்து, வீராயியின் கலயத்தைக் கை நீட்டி வாங்கினாள்.

"அந்த இத்தாலிக்காரி அன்னிக்கு உங்ககிட்ட என்ன வெலைங்க சொன்னா?"