குடுவையில் இல்லாதது

ஆலைக் கழிவுக் குட்டையின் சேற்றிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியாக்கள் பாதரசத்தில் பிழைக்காது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிழைத்துவிட்டன. குடுவையில் கரைத்த பாதரச உப்பு ஏறக்குறைய முழுவதும் காணாமல் போயிருப்பதை அடுத்த அறையிலிருந்த கருவி காட்டியதும் மங்கையர்க்கரசிக்கு உடம்பு சிலிர்த்தது. அவற்றின் நொதி நஞ்சைப் பிடித்து, ஆவியாக்கி, வெளியே தள்ளியிருந்தது. அந்த ஆவியை உறிஞ்சத்தான் குடுவையிலிருந்து கரித்தூள் புட்டிக்கு அவள் குழாய் போட்டிருந்தாள்.

சேதி சொல்ல, குடுவை இருந்த ஆய்வறைக்கு ஓடினாள். உடன் வேலை செய்யும் நசீமா, சாரலுக்குப் பயந்து சன்னல்களையெல்லாம் சாத்திவிட்டு, குடுவையின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குழாய் புட்டியிலிருந்து கழன்று மேசையோரம் தொங்கிக்கொண்டிருந்தது.

"எந்திரி நசீமா! மூச்ச இழுக்காத, வெளிய வா!"

தோளைப் பற்றி வராந்தாவுக்கு இழுத்து வந்து கதவை அடைத்தாள்.

"என்னக்கா, பாக்டீரியா செத்துப்போச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கு. பாதரசத்தப் பூரா காத்துல விட்டிருச்சு. நீ எப்ப வந்த?"

"காலைலேருந்து இங்கதான் இருக்கேன். ஒரு வாடையும் வரலையே."

"அதுக்கு வாடை கிடையாது. பயப்படாத, ரத்தம் எடுத்துப் பாத்துரலாம்."

சொன்ன குரல் மங்கைக்கே தைரியம் தரவில்லை.

நசீமா துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள். பிறகு அந்தக் கையை மெல்ல இறக்கி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"வீட்லகூட இன்னும் சொல்லலக்கா" என்றாள்.